அம்மாவுக்கு என்ன கிளாஸ்? ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களின் நிதி முறை: குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கொஞ்ச நாள் முன்பு ஒரு மகன் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். "சிஸ்டர், அம்மாவுக்கு கிளாஸ் அஞ்சுன்னு வந்திருக்காம். அது நல்லதா, கெட்டதா? நாங்க கூடப் பணம் கட்டணுமா?" பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல முகம் வாடியிருந்தது. பத்து நிமிடம் நின்று விளக்கினேன். இதே கேள்வியை வருடம் முழுக்க யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே பாதியைச் சொல்லி, மீதியை அப்புறம் சொல்கிறேன் என்று விட்டுவிடுகிறோம். அந்த மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ரெஜிஸ்டர்ட் நர்ஸ். பழைய நிதி முறையில் பல வருடம் படிவம் நிரப்பியிருக்கிறேன். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி புது முறை வந்தபோதும் இங்கேதான் வேலை. அதன் முழுப்பெயர் ஆஸ்திரேலிய தேசிய முதியோர் பராமரிப்பு வகைப்பாடு. எழுத்தில் ஏஎன்-ஏசிசி என்று வரும். வேலை இடத்தில் எல்லாரும் "ஆன்-ஆக்" என்றே சொல்வோம். இல்லத்தின் மேலாளர் உங்களிடம் ஆன்-ஆக் என்று ஏதாவது சொன்னால் இதைத்தான் சொல்கிறார்.

முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இது இல்லத்துக்கு அரசு கொடுக்கும் பணம். உங்கள் அம்மாவைப் பராமரிக்க ஒரு நாளைக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு இல்லத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் அம்மா சேரும் வகுப்புதான் கிளாஸ். அதன் எண் கூடியிருந்தால் அம்மா மோசம் என்றோ, குறைந்திருந்தால் கவனிக்க மாட்டார்கள் என்றோ அர்த்தமில்லை. குடும்பம் கட்ட வேண்டிய தொகையை அம்மாவின் வருமானத்தையும் சொத்தையும் வைத்து வேறு ஒரு துறை முடிவு செய்கிறது.

பழைய முறையில் என்ன குறை இருந்தது

இதைத் தெரிந்துகொண்டால் புது முறை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். 2008 முதல் 2022 வரை இருந்த முறைக்கு ஏசிஎஃப்ஐ என்று பெயர், பேச்சில் "ஆக்ஃபி". அன்றாட வேலைகள், நடத்தை, சிக்கலான மருத்துவத் தேவை என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் பூஜ்யம், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மதிப்பு. அந்த மதிப்பைப் போட்டது யார்? இல்லத்தில் வேலை பார்த்த நாங்களே. பணம் வாங்கப் போகிறவரே பணம் எவ்வளவு என்று எழுதும் ஏற்பாடு. நேர்மையாக எழுதிய இல்லங்கள் நிறைய உண்டு. ஆனாலும் நர்ஸ்களின் நேரம் காகிதத்தில் போய்க்கொண்டிருந்தது. வலிக்கு மசாஜ் கொடுத்தால் இத்தனை புள்ளி, வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று விதி இருந்தது. அதனால் நடைப் பயிற்சி தேவைப்பட்ட ஒருவருக்கும் மசாஜே கிடைத்தது. ஒருவர் தேறி எழுந்து நடந்தால் இல்லத்துக்கு வரும் பணம் குறையுமோ என்ற பயமும் இருந்தது. இது யாரையும் நல்லபடியாகப் பராமரிக்கத் தூண்டாத முறை.

வல்லங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு இல்லங்களில் ஊழியர்களின் நேரம் உண்மையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்து, அதிலிருந்து புது வகைப்பாட்டை உருவாக்கியது. முதியோர் பராமரிப்பின் நிலையை ஆராய 2018-இல் அமைத்த அரச விசாரணை ஆணையம் 2021 மார்ச்சில் வெளியான தன் இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகளைத் தந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. 2025 நவம்பர் 1 முதல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் மாறினாலும் ஆன்-ஆக் தொடர்கிறது.

பணம் எப்படிக் கணக்காகிறது

இதில் மூன்று துண்டு. முதல் துண்டு இல்லத்துக்குப் பொதுவானது. யார் தங்கியிருந்தாலும் இரவு விளக்கு எரிய வேண்டும், நர்ஸ் இருக்க வேண்டும். அதற்கான அடிப்படைத் தொகை இது. நகரத்து இல்லத்துக்கு ஒரு அளவு, தொலைதூரத்து இல்லத்துக்கு அதைவிடக் கூடுதல். வீடற்றவர்களையும் பூர்வகுடி மூத்தோரையும் சிறப்பாகக் கவனிக்கும் இல்லங்களுக்குத் தனி அளவு. இரண்டாவது, ஒவ்வொருவரின் கிளாஸைப் பொறுத்து மாறும் தொகை. மூன்றாவது, புதிதாக ஒருவர் வந்து சேரும்போது ஒரே ஒரு தடவை கொடுப்பது. முதல் சில வாரம் எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். சாப்பிட மறுப்பார்கள், தூங்க மாட்டார்கள், வீட்டுக்குப் போகணும் என்று கதவருகில் நிற்பார்கள். அந்த உழைப்புக்கு இது.

கணக்கு டாலரில் நேரடியாக வராது. முதலில் எடை எண், அதை ஒரு விலையால் பெருக்குவார்கள். தொடங்கிய நாளில் விலை 216.80 டாலர். நகரத்து இல்லத்தின் அடிப்படை எடை 0.49, அதாவது ஒரு நாளைக்கு சுமார் 106 டாலர். தானாக நடமாடும், வேறு சிக்கல் இல்லாத கிளாஸ் 2-க்கு எடை 0.19, சுமார் 41 டாலர். படுக்கையிலேயே இருக்கும் கிளாஸ் 13-க்கு எடை 1, அதாவது முழு 216.80. அடிப்படையையும் கிளாஸ் தொகையையும் கூட்டினால், ஒரே இல்லத்தில் ஒருவருக்காக நாளொன்றுக்கு 147 டாலரும் இன்னொருவருக்காக 323 டாலரும் வந்தன. பிறகு எடைகளும் விலையும் மாறியிருக்கின்றன. 2023-இல் பராமரிப்பு ஊழியர்களுக்கு 15% சம்பள உயர்வு வந்தபோது விலை 243.10 ஆனது. 2024 அக்டோபரில் 280.01. விலை என்ன இருக்க வேண்டும் என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல ஒரு சுதந்திரமான விலை ஆணையம் இருக்கிறது. இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். அம்மாவின் உண்மையான தேவை பதிவாகாமல் போனால் இல்லத்துக்குக் குறைந்து போவது எவ்வளவு என்று காட்டவே சொன்னேன்.

படி 1: மூன்று மதிப்பீடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். "ஏற்கெனவே ஒருத்தர் வந்து எல்லாம் கேட்டுட்டுப் போனாரே, மறுபடி எதுக்கு?" என்பார்கள்.

முதலாவது, இல்லத்தில் சேரத் தகுதி உண்டா என்பது. முதியோர் பராமரிப்புக்கான அரசின் தொடர்புச் சேவையான மை ஏஜ்டு கேர் எண் 1800 200 422-ஐ அழைத்துப் பதிவு செய்தால் ஒருவர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்து பார்ப்பார். இது அம்மா சேர்வதற்கு முன்பே முடிந்துவிடும்.

இரண்டாவது, வருமானமும் சொத்தும். இதைப் பார்ப்பது சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசுத் துறை, 1800 227 475. படிவம் நீளம். சேர்வதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பதில் வர நாளாகும், அதற்குள் அம்மா சேர்ந்துவிட்டால் எவ்வளவு கட்டுவது என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

மூன்றாவதுதான் ஆன்-ஆக். அம்மா இல்லத்தில் சேர்ந்த பிறகு நடக்கும். கேட்டுப் பெறுவது இல்லத்தின் வேலை, நீங்கள் விண்ணப்பம் போட வேண்டியதில்லை, செலவும் இல்லை. மதிப்பீடு முடியும்வரை தற்காலிகக் கிளாஸ் ஒன்றில் பணம் வரும். முடிவு வந்ததும் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கைச் சரிசெய்துவிடுவார்கள். அதனால் மதிப்பீடு தாமதமானால் பதற வேண்டாம்.

இறுதிக்கட்டப் பராமரிப்புக்காகவே ஒருவர் சேர்கிறார் என்றால் வழி வேறு. ஆயுள் மூன்று மாதமோ அதற்குக் குறைவோ என்று மருத்துவர் கருதி, உடல்நிலை அளவுகோலிலும் அதற்கேற்ற எண் இருந்தால், கிளாஸ் 1. சேரும்போதே அந்தக் காகிதங்கள் கையில் இருக்கட்டும். மருத்துவமனையிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இந்தக் காகிதம் வார்டிலேயே விடுபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் கேட்டால் எழுதித் தர ஆள் கிடைக்காது.

சில வாரம் மட்டும் தங்க வருகிறவர்களுக்கு நடமாட்டத்தை வைத்து மூன்றே வகுப்பு. அப்படித் தங்க ஒரு நிதியாண்டில் 63 நாள் வரை அனுமதி உண்டு.

படி 2: குடும்பம் கட்டும் பணத்தைத் தனியாகப் பாருங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாரும் கட்டுவது அடிப்படை நாள் கட்டணம். தனியாள் வாங்கும் அடிப்படை முதியோர் ஓய்வூதியத்தில் 85%. 2025 நவம்பர் 1 முதல் சேர்கிறவர்கள் தங்கள் வசதிக்கேற்ப உணவு, துப்புரவு போன்ற அன்றாடச் சேவைகளுக்கும், மருத்துவம் சாராத பராமரிப்புக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். நர்ஸிங் போன்ற மருத்துவப் பராமரிப்பை அரசே முழுதாக ஏற்கிறது. அறைக்கான பணத்தைத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையாகவோ, நாள் வாடகையாகவோ, இரண்டும் கலந்தோ கட்டலாம். புதிதாகச் சேர்கிறவர்களின் வைப்பிலிருந்து இல்லம் வருடத்துக்கு 2% வீதம் ஐந்து வருடம் வரை பிடித்துக்கொள்ளும். முன்பு முழுத்தொகையும் திரும்பி வந்தது என்று நண்பர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. வீட்டை விற்று வைப்புக் கட்ட நினைப்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் ஒரு நிதி ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டை விற்ற பிறகு வந்து கேட்பவர்கள்தான் அதிகம். அப்போது யாராலும் பெரிதாக உதவ முடியாது.

படி 3: மதிப்பீட்டு நாளுக்குத் தயாராவது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காக.

மதிப்பீட்டாளர் இல்லத்தின் ஊழியர் இல்லை. அரசு ஏற்பாட்டில் வெளியிலிருந்து வருகிற நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்). முதியோர் பராமரிப்பில் அனுபவம் உள்ளவர்கள். இல்லத்தின் பதிவேடுகளைப் படிப்பார், எங்களிடம் கேட்பார், அம்மாவைப் பார்த்துப் பேசுவார். படுக்கையில் புரள முடிகிறதா, எழுந்து உட்கார முடிகிறதா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை. புரிந்துகொள்வது, சொல்ல வந்ததைச் சொல்வது, ஞாபகம், ஒரு சிக்கல் வந்தால் தீர்க்கத் தெரிவது. படுக்கைப்புண் வரும் வாய்ப்பு. சுற்றித் திரிவது, சத்தம் போடுவது, கை ஓங்குவது போன்ற நடத்தை. கடந்த ஒரு வருடத்தில் விழுந்தாரா, எடை குறைந்ததா. தினமும் ஊசி, சிக்கலான புண்ணுக்குக் கட்டு, ஆக்சிஜன் போன்றவை உண்டா.

சரி, நம் வீட்டுப் பெரியவர்கள் இதை எப்படி எதிர்கொள்கிறார்கள்? ஒரு பாட்டியைச் சொல்கிறேன். எண்பது தாண்டியவர். காலையில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். கழிப்பறைக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். மதிப்பீட்டாளர் வருகிறார் என்று சொன்னதும் தலையைச் சீவிவிடச் சொன்னார், பொட்டு வைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி உள்ளே வந்து வணக்கம் சொன்னதும் இவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தானே எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. புடவை மறைத்ததால் அது எனக்குத்தான் தெரிந்தது. "எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நானே குளிப்பேன், நானே சாப்பிடுவேன்." விருந்தாளி முன்னால் முடியாது என்று சொல்வதை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் செய்யப் போகிறார்?

மதிப்பீட்டாளர் நல்லவர், அனுபவசாலி. இரவு ட்யூட்டிக் குறிப்புகளை எடுத்துப் படித்தார். அதில் மூன்று நாளாக யார் யார் எழுப்பினார்கள், எத்தனை மணிக்கு, எப்படி என்று எங்கள் நேபாளத்துப் பெண் ஒருத்தி ஒரு வரியும் விடாமல் எழுதியிருந்தாள். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாட்டி தேவைக்குக் குறைவான கிளாஸில் போய் உட்கார்ந்திருப்பார்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இவைதான். இல்லத்திடம் தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவர் அன்று பக்கத்தில் இருங்கள். அம்மாவுக்கும் அதில் சம்மதம் இருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்த்த கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை முறை விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுப்பினார், குளியலறையில் யார் பிடித்துக்கொண்டீர்கள், அடுப்பை அணைக்க மறந்தாரா, மகளை அக்கா என்று கூப்பிட்டாரா. தேதி தெரிந்தால் தேதியோடு. பெரிதுபடுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி.

அம்மாவிடமும் முந்தைய நாள் பேசிவிடுங்கள். "அம்மா, நாளைக்கு வர்றவங்க விருந்தாளி இல்ல, டாக்டர் மாதிரி. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. இதனால உங்களை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டாங்க." பல பெரியவர்கள் மனதில் அந்தப் பயம்தான் இருக்கிறது. முடியவில்லை என்றால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களோ என்று.

மொழி இன்னொரு விஷயம். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், நீங்களும் இருங்கள். முப்பது வருடம் ஆங்கிலம் பேசி வேலை பார்த்தவர்கள்கூட மறதி நோய் வந்த பின் தமிழுக்கு மட்டும் திரும்பிவிடுவதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டே "யெஸ், யெஸ்" என்பார்கள். அதைக் கேட்டவர் எல்லாம் புரிகிறது என்று நினைக்கலாம். அல்லது பதிலே வராததால் ஞாபகமே போய்விட்டது என்று நினைக்கலாம். இரண்டும் தப்பு. நடமாட்டம் குறைந்தவர்களின் கிளாஸைப் பிரிப்பதில் அறிவுத்திறன் மதிப்புக்குப் பெரிய இடம் இருக்கிறது. மொழி தெரியாததும் ஞாபகம் போனதும் ஒன்றாகிவிடக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இல்லத்திடம் முன்பே எழுத்தில் கேளுங்கள். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. மகனோ மகளோ மொழிபெயர்க்கலாமே என்பார்கள். கழிப்பறைக் கேள்விக்கு மகன் முன்னால் எந்த அம்மா உண்மையைச் சொல்வார்?

படி 4: கிளாஸைப் படிப்பது எப்படி

நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு 13 கிளாஸ். 1 இறுதிக்கட்டப் பராமரிப்புக்காகச் சேர்கிறவர்கள். 2, 3 தாங்களாக நடமாடுகிறவர்கள். 4 முதல் 8 வரை நடக்க உதவி வேண்டியவர்கள். 9 முதல் 13 வரை நடமாட்டம் இல்லாதவர்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அறிவுத்திறன், அன்றாடச் செயல், படுக்கைப்புண் அபாயம், அப்புறம் வேலையைக் கூட்டும் மற்ற காரணங்கள் இவற்றில் சிலவற்றை வைத்துப் பிரிக்கிறார்கள். அந்த மகன் கேட்ட கிளாஸ் 5 என்றால், நடக்க உதவி வேண்டும், அறிவுத்திறன் நன்றாக இருக்கிறது, ஆனால் கூடுதல் கவனம் கேட்கும் வேறு காரணங்களும் இருக்கின்றன என்று அர்த்தம். அவருடைய அம்மாவுக்கு இரண்டு முறை விழுந்த வரலாறு உண்டு. சொன்னதும் அவருக்கே விளங்கிவிட்டது.

எண் ஏற ஏறப் பணம் ஏறும் என்று நினைக்காதீர்கள். எண் ஒரு பெயர்தான். ஒரு குழுவில் கடைசி எண், அடுத்த குழுவின் முதல் எண்ணைவிட அதிகம் பெறுவது உண்டு.

இன்னொன்று, கிளாஸ் என்பது பராமரிப்புத் திட்டம் கிடையாது. அம்மாவுக்கு எத்தனை மணிக்குக் குளியல், மரக்கறிதான் சாப்பிடுவார், வெள்ளிக்கிழமை விளக்கு பார்க்க வேண்டும், ஆண் ஊழியர் குளிப்பாட்டக் கூடாது என்பதெல்லாம் இல்லம் தனியாக உங்களோடு உட்கார்ந்து எழுதும் திட்டத்தில் வர வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். "கிளாஸ் அப்படி, அதனால் இவ்வளவுதான் செய்ய முடியும்" என்று யாராவது சொன்னால் அது சரியான பதில் இல்லை. கிளாஸ் பணத்துக்கு, திட்டம் ஆளுக்கு.

படி 5: அந்தப் பணம் நிமிடமாக மாறுகிறதா என்று பாருங்கள்

புது முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது. கிளாஸ்களை வைத்தே ஒவ்வொரு இல்லமும் தர வேண்டிய பராமரிப்பு நிமிடங்களைக் கணக்கிடுகிறார்கள். 2023 அக்டோபரில் இது கட்டாயமானது. அப்போது நாடு முழுவதற்குமான சராசரி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 நிமிடம், அதில் 40 நிமிடம் ரெஜிஸ்டர்ட் நர்ஸ். 2024 அக்டோபர் முதல் 215-உம் 44-உம். இந்த நர்ஸ் நிமிடங்களில் 10% வரை, அடுத்த நிலையில் உள்ள என்ரோல்டு நர்ஸ் செய்ததையும் சேர்க்கலாம். 2023 ஜூலை 1 முதல் இல்லத்தில் 24 மணி நேரமும் ரெஜிஸ்டர்ட் நர்ஸ் இருக்க வேண்டும் என்பதும் விதி.

215 நிமிடம் என்றால் ஒருவர் அம்மா பக்கத்தில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று அர்த்தமில்லை. 60 பேர் இருக்கும் இல்லத்தில் சராசரித் தேவை இருந்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 215 மணி நேர உழைப்பு, அதில் 44 மணி நேரம் நர்ஸ். காலை, மாலை, இரவு என்று பிரித்தால் பகலில் சில நேரம் இரண்டு, மூன்று நர்ஸ், இரவில் ஒருவர். இதில் நர்ஸ்களும் பராமரிப்பு ஊழியர்களும் மட்டுமே கணக்கு. பிசியோதெரபிஸ்ட், சமையல்காரர், துப்புரவாளர், பாட்டும் விளையாட்டும் நடத்துகிறவர் யாரும் இந்த நிமிடத்தில் வர மாட்டார்கள். இது எனக்கு மனக்குறைதான். பழைய மசாஜ் போனது நல்லது. ஆனால் அந்த இடத்தில் நடைப் பயிற்சி வர வேண்டியிருந்தது. பிசியோ நேரத்துக்குத் தனி இலக்கு இல்லாததால் சில இடங்களில் அது சுருங்கிவிட்டது. சேரும் முன்பே கேளுங்கள்: பிசியோ வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், என் அம்மாவை யார் நடக்க வைப்பார்கள்?

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மை ஏஜ்டு கேர் தளத்தில் நட்சத்திர மதிப்பைப் பாருங்கள். மொத்த நட்சத்திரத்தோடு நிறுத்தாதீர்கள். அது தங்கியிருப்பவர்களின் அனுபவம், விதிகளைக் கடைப்பிடிப்பது, ஊழியர் அளவு, தர அளவீடுகள் ஆகிய நான்கும் கலந்தது. ஊழியர் பகுதியைத் திறந்தால் இலக்கு நிமிடமும் உண்மையில் கொடுத்த நிமிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நான்கு நட்சத்திரம் வாங்கிய இல்லம் ஊழியர் பகுதியில் இரண்டில் நிற்கலாம். அப்புறம் நேரில் போங்கள், சனிக்கிழமை மாலை போங்கள். வார நாள் காலையில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஒருவர் வருகிறார் என்று வராந்தாவில் நின்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

படி 6: நிலைமை மாறினால்

ஒரு தடவை போட்ட கிளாஸ் அப்படியே நிலைக்க வேண்டியதில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது, பக்கவாதம் வந்தது, மருத்துவமனையில் ஐந்து நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டுத் திரும்பினார் என்றால் இல்லம் மறுமதிப்பீடு கேட்கலாம். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை என்றால் இரண்டு நாளே போதும். கேட்க வேண்டியது இல்லம்தான், நீங்கள் நினைவூட்டலாம். "அம்மா திரும்பி வந்து பத்து நாளாச்சு. முன்ன மாதிரி நடக்கல. மறுமதிப்பீடு கேட்டாச்சா?" என்று மேலாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு ஷிஃப்ட் மாறும்போது தொலைந்துவிடும், மின்னஞ்சல் தொலையாது. வந்த கிளாஸே தவறு என்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்கவும் வழி உண்டு.

அம்மா தேறினால்? பழைய முறையின் பயம் இங்கே இல்லை. நடக்கத் தொடங்கிவிட்டார் என்பதற்காக மறுபடி மதிப்பிட்டுக் கிளாஸைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் "நடக்க வையுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். எழுந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். நான் முன்னால் சொன்ன பாட்டிதான். சரியான கிளாஸ் வந்து இரண்டு மாதத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறை வரைக்கும் ஒரு ஊழியரோடு நடந்து வந்தார். உதடு கடிக்கவில்லை.

படி 7: பதில் வராவிட்டால்

முதலில் நர்ஸிடம், பிறகு மேலாளரிடம், எழுத்தில். அதிலும் நகரவில்லை என்றால் முதியோருக்காகப் பேசும் இலவச ஆதரவுச் சேவை இருக்கிறது: 1800 700 600. அவர்கள் அம்மாவின் பக்கம் நின்று இல்லத்தோடு பேசுவார்கள், ரகசியம் காப்பார்கள். புகாராகவே கொடுக்க வேண்டும் என்றால் முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணையம்: 1800 951 822. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் அம்மாவைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்று நம்மவர்கள் பல மாதம் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். புகார் கொடுத்ததற்காக யாரையும் வேறு மாதிரி நடத்துவது சட்டப்படி தவறு. எங்களைப் போன்றவர்களுக்கும் உங்கள் புகார் உதவும். ஆள் போதவில்லை என்று நாங்கள் உள்ளே சொல்வதைவிட, குடும்பம் வெளியிலிருந்து சொன்னால் சீக்கிரம் ஆள் வருகிறது. எந்த எண்ணை அழைத்தாலும் ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் முதலில் 131 450-ஐ அழைத்து "டமில்" என்று சொல்லுங்கள். அவர்களே மறுமுனையைச் சேர்த்துவிடுவார்கள்.